ரேந்தை: விளிம்பில் பிழைத்த ஒரு சொல்

நெய்யாற்றின்கரையில் நின்று 'லத்தீன் பெண்கள்' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் மெக்சிகோவோ பிரேசிலோ வராது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காதான் வருவார். ரோமை முறைப்படி லத்தீன் மொழியில் பூசை கண்ட கத்தோலிக்கருக்கு இந்தப் பக்கத்தில் 'லத்தீன்காரர்' என்றே பெயர். 1996-இல் நெய்யாற்றின்கரைக்கென்று தனி லத்தீன் மறைமாவட்டமே வந்துவிட்டது. கடல் தாண்டி அமெரிக்காவில், லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்ணை 'லத்தீனா' என்கிறார்கள். இங்கே அது சபைப் பெயர், அங்கே மரபுப் பெயர். இந்த இரண்டு கூட்டத்துப் பெண்களின் கைக்கும் போன ஒரு சொல் உண்டு: ரேந்தை.

இன்று காட்டாக்கடையிலோ பாறசாலையிலோ துணிக்கடையில் போய் 'ரேந்தை இருக்கா' என்று தமிழில் கேட்டால், கடைப் பையன் விழிப்பான். 'லேஸ்' என்றால் உடனே பெட்டியை இறக்குவான். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ரேந்தையைப் போர்த்துக்கேயச் சொல்லாகப் பதிந்து வைத்திருக்கிறது. மலையாளத்தில் அது 'ரேந்த'. சிங்களத்தில் 'ரேந்த' இன்றும் உயிரோடு இருக்கிறது. காலி, வெலிகம பக்கத்துப் பெண்கள் கட்டைகளை உருட்டிப் பின்னுவது 'பீரலு ரேந்த'. பீரலு என்பதும் போர்த்துக்கேயம்தான். பில்ரோ என்றால் அந்த நூல்சுற்றிய கட்டை. மலாய் மொழியிலும் இது 'ரெண்டா'. கோவாவைச் சேர்ந்த பாதிரியார் செபஸ்தியான் ரொடோல்ஃபோ தல்காது, ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். கப்பல் நின்ற துறைகளையெல்லாம் சொற்களை வைத்தே வரைந்துவிடலாம் என்று அந்த நூலைப் புரட்டும்போது தோன்றும்.

ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, ஏலம் எல்லாம் அந்த வழியில் வந்து வீட்டுச் சொற்களாகிவிட்டவை. உடுப்பு வகையிலும் ஒரு சிறு மூட்டை வந்தது: பித்தான், கமிசு, துவாலை, சப்பாத்து, ரேந்தை. 1544-இல் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மீனவரான முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு நடந்தார். பீடத்துணியும் குருவானவரின் மேலங்கியும் விளிம்புப் பின்னலோடு அந்தக் கோயில்களுக்கு வந்தபோதுதான் சொல்லும் கரையேறியிருக்க வேண்டும்.

போர்த்துக்கேயத்தில் இந்தச் சொல் 'ரெண்டா', ஸ்பானியத்தில் 'ராந்தா'. இதன் வேர் பழைய கெல்திய மொழியில் எல்லை, விளிம்பு என்ற பொருளுள்ள சொல்லாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகிறார்கள். தமிழ்க் காதுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆற்றுக்கும் கரை, வேட்டிக்கும் கரை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பாலராமபுரத்துத் தறியில் கசவுக் கரை போடுகிறவரும் நெய்யாற்றின் கரையில் குடியிருப்பவரும் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். போர்த்துக்கேயத்தில் இன்னொரு 'ரெண்டா' உண்டு. வேறு வேரிலிருந்து வந்து, ஒரே ஒலியில் முடிந்தது. அதற்குப் பொருள் வருமானம். பின்னலும் வருமானமும் ஒரே ஒலிக்குள் வந்து உட்கார்ந்தது மொழியின் தற்செயல். தென்திருவிதாங்கூரில் அந்தத் தற்செயல் நடப்பாகவே ஆனது.

1819 இறுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். எழுத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார்; 1821-ஐ அந்தத் தொழிலின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். வேலை பார்க்க எளிதாகத் தெரியும், கைக்கு வர நாளாகும். உருண்டை வடிவில் இறுக்கமாக அடைத்த தலையணை ஒன்று. அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாள். ஒவ்வொரு நூலும் ஒரு சிறு கட்டையில் சுற்றியிருக்கும். கட்டைகள் எப்போதும் சோடி சோடியாகவே நடக்கும். அடிப்படை அசைவுகள் இரண்டுதான்: ஒன்றின்மேல் ஒன்றைக் கடத்துவது, முறுக்குவது. நூல்கள் கடந்த இடத்தில் துளை பார்த்து ஒரு குண்டூசி. அந்த ஊசிகள்தான் பின்னல் குலையாமல் பிடித்து வைக்கும். அகலமான கரை என்றால் டஜன் கணக்கில் கட்டைகள் ஆடும்; கட்டைகள் மோதும் சத்தம் கேட்டே வேலை எப்படிப் போகிறது என்று தேர்ந்தவள் சொல்லிவிடுவாள்.

சரக்கு இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கும் இங்கிலாந்துக்கும் போனது. பணம் பள்ளிக்கும் வந்தது, பின்னியவளுக்கும் வந்தது. அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே லேஸ் கூலியைச் சேர்த்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் எழுத்துகள் சொல்கின்றன. தன் கழுத்துக்குத் தானே விலை கொடுத்த அந்தப் பெண்களின் பெயர்கள் வரலாற்றுப் புத்தகங்களில் வரிசையாக நிற்கவில்லை. மால்ட் அம்மாவின் பெயர் நிற்கிறது.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. ஆங்கிலச் சீமாட்டியின் கழுத்துப்பட்டைக்கு விளிம்பு பின்னிய பெண், தன் தோளை மூடச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மேலாடை உயர்சாதியின் உரிமை. 1829 அரசாணை நாடார்ப் பெண்கள் தோள்சீலை போடுவதைத் தடுத்தது. கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் மட்டும் அனுமதி. குப்பாயம் பழைய சொல். சீவகசிந்தாமணியில் அதைப் போட்டுக்கொண்டு வருபவன் ஒரு மிலேச்சன். அந்நியனின் அங்கியாகத் தமிழில் நுழைந்த சொல், தெற்குத் திருவிதாங்கூரில் ஏழைப்பெண்ணின் மானம் காக்கும் சட்டையாயிற்று. வீட்டு எரிப்புகளும் அடிதடிகளும் முடிந்து 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணை ஓரளவு இறங்கி வந்தது. எல்லா மதத்து நாடார்ப் பெண்களும் முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. ஆணைக்கு அளவுகோலாக நின்றவள் கடற்கரை லத்தீன் பெண் என்பதைக் கவனிக்க வேண்டும்.

படிப்பின் கதையும் இப்படி நொண்டித்தான் நடந்தது. மால்ட் பள்ளி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், காட்டாக்கடைக்குப் பக்கத்து ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையச் சிறுமியைச் சாதி எதிர்ப்புப் போராளி அய்யன்காளி கைப்பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். அவள் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடம் கொளுத்தப்பட்டது. 2022-இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் கேரள அரசு வைத்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா தமிழ் கேட்டே வளர்ந்தவர். 1844-இல் அவரை மணந்தவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் கொண்டுவந்த அதே கால்டுவெல்தான். இடையன்குடியில் கணவர் சொற்களின் வேரைத் தேடிக்கொண்டிருக்க, எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் நடத்தினார். பேச்சுத் தமிழில் கணவருக்கு வழிகாட்டியவரும் அவரே. இடையன்குடிக்குப் போகிறவர்கள் கால்டுவெல்லின் வீட்டைப் பார்க்கிறார்கள். லேஸைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

மிஷன் அம்மாக்கள் கொண்டுவந்தது ஆங்கிலப் பெயர். அதனால் பொருள் பரவப் பரவ ரேந்தை ஒதுங்கி, லேஸ் நிலைத்தது. இலங்கைத் தமிழிலும் அகராதியிலுமாகப் பழஞ்சொல் ஒட்டிக்கொண்டது. அட்லாண்டிக்கின் மறுகரையில் அதே சொல் வேறு விதமாக வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து தெற்குப் பிரேசிலின் சாந்தா கத்தரீனா தீவுக்குக் குடியேறிய குடும்பங்களோடு கட்டைப் பின்னலும் போனது. ஆண்கள் வலை பின்னினார்கள், பெண்கள் ரெண்டா பின்னினார்கள். பின்னுகிறவளுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: ரெந்தெய்ரா. புளோரியனாப்பொலிஸ் நகரில் ஏரிக்கரையோரம் போகும் சாலைக்கே ரெந்தெய்ராக்களின் சாலை என்று பெயர். வடகிழக்கில் செயாரா மாநிலத்துப் பெண்கள் குண்டூசிக்குக் காசில்லாமல் கள்ளி முள்ளை வைத்துச் சமாளித்தார்கள். செர்ஜிப்பி மாநிலத்தில் திவினா பஸ்தோரா என்ற சிற்றூர்ப் பெண்களின் பின்னல் முறையைப் பிரேசில் அரசு 2009-இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. அர்ஜென்டினாவின் துக்குமான் மாகாணத்தில் எல் செர்காதோ என்ற ஊரில் ஸ்பானிய வடிவமான ராந்தா வாழ்கிறது. ஊசியால் பின்னும் அந்தப் பெண்கள் ராந்தேராக்கள்.

கொண்டாட்டத்துக்குள் கணக்கு வழக்கும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் இந்தத் தலையணைப் பின்னலுக்கு 'முந்தியோ' என்று பெயர். சின்ன உலகம் என்று பொருள். மோகா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் அந்தத் தீவின் பெண்களிடம் வீட்டுக்கே துணியைக் கொடுத்து, எண்ணிக்கைக் கூலிக்குத் தையலும் பூவேலையும் வாங்கின. 1932-இல் தீவின் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் மரியா லூயிசா ஆர்செலாய். அவர் மயாகுவேஸ் நகரில் தையல் தொழில் நடத்தியவர். அடுத்த ஆண்டே கூலி போதாதென்று அந்நகரத் தையல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவருடைய பட்டறையும் தப்பவில்லை. சாதனைப் பெண் ஒருபுறம், அவர் கொடுத்த கூலியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த பெண்கள் மறுபுறம். லத்தீனாப் பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர் இரண்டு பக்கத்தையும் எழுதியாக வேண்டும்; நம் மிஷன் லேஸின் கதைக்கும் அதே நியாயம்தான்.

அந்த உழைப்பு இலக்கியமாகவும் ஆயிற்று. எஸ்மெரால்டா சாந்தியாகோ 1993-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், போர்ட்டோ ரிக்கோவில் அவருடைய தாய் உள்ளாடைத் தொழிற்சாலைக்குத் தையல் வேலைக்குப் போகத் தொடங்கியதும், அதைப் பார்த்து ஊர் முணுமுணுத்ததும் வருகின்றன. பெண் சம்பாதிக்கத் தொடங்கும் நாளில் வீட்டுக்குள் எது எங்கே இடம் மாறுகிறது என்று ஒரு சிறுமியின் கண்ணால் அவர் பார்க்கிறார். சிகாகோவில் 1954-இல் பிறந்த சாண்ட்ரா சிஸ்நெரோஸ் இருக்கை, மெத்தை தைக்கும் தொழிலாளியின் மகள். 2002-இல் வந்த அவருடைய 'கராமெலோ' நாவல், முடிக்கப்படாத ஒரு மெக்சிகோச் சால்வையைச் சுற்றி மூன்று தலைமுறையைச் சொல்கிறது. சால்வை நெய்த பிறகு அதன் குஞ்சத்தை விரலால் முடிந்து அலங்கரிப்பது தனித் தொழில். அந்த விளிம்பு வேலையைச் செய்த தாய் பாதியில் இறக்கிறாள். அதை முடிக்கத் தெரியாத மகள் வாழ்நாளெல்லாம் சுமக்கிறாள். சிஸ்நெரோஸ் எழுதியதோடு நிற்கவில்லை. சான் அந்தோனியோவில் தன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி 1995-இல் எழுத்தாளர்களைக் கூட்டினார். மக்கோந்தோ என்ற பெயரில் அது பட்டறையாக வளர்ந்தது. எழுத்தும் ஊர்ப்பணியும் ஒன்று என்று நினைக்கிறவர்களே அங்கே வருகிறார்கள்.

நம் தமிழ்-மலையாள எல்லைப்புறத்துக்கும் அப்படி ஓர் எழுத்தாளர் இருந்தார். ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். 1964-இல் வந்த அவருடைய 'புத்தம் வீடு' நாவலில், வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டோடு அடைத்து வைக்கப்பட்ட லிஸிதான் நடு. அவள் விரும்புவது பனையேறியின் மகன் தங்கராஜை. ஒரு கிறிஸ்தவ நாடார்க் குடும்பத்தின் தாழ்வாரத்திலிருந்து சாதிக்குள் இருக்கும் சாதியை அவர் காட்டுகிறார். குரலை உயர்த்துவதே இல்லை. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக்கோடு போட்டபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. ஹெப்சிபாவின் உரையாடல் மொழி கோட்டின் இருபுறமும் புரியும்.

பின்னியவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனதற்கு ஆங்கிலச் சொல்லை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் ஆந்திரத்தின் நர்சாப்பூரில் ஆய்வு செய்து 1982-இல் நூலாக்கினார். அங்கேயும் லேஸை மிஷனரிகள்தான் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பகல் முழுக்கப் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை, 'சும்மா வீட்டில் இருப்பவர்கள்' என்றே எண்ணினார்கள். ஏற்றுமதிக்காரர் ஆண், அவருக்குப் பெயரும் பலகையும் உண்டு. அந்தச் 'சும்மா'வை மீஸ் பிரித்துப் பார்த்தார்.

தமிழில் பூக்காரி, தயிர்க்காரி, மீன்காரி எல்லாம் இயல்பாக அமைந்தன. ரேந்தைக்காரி அமையவில்லை, லேஸ்காரியும் அமையவில்லை. தெருவில் கூவி விற்றவளுக்குப் பெயர் வந்தது, வீட்டுக்குள் பின்னியவளுக்கு வரவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இப்போதாவது அவளை ரேந்தைக்காரி என்று அழைக்கலாம்; 'காரி' என்ற விகுதி இன்று கொஞ்சம் மட்டாகக் கேட்கிறது என்று தயங்குகிறவர்கள் ரேந்தையாளர் என்றும் எழுதலாம். நாஞ்சில் நாட்டுக்கும் அதன் மேற்கேயுள்ள கரைக்கும் சொல் ஆக்குவது புதிதல்ல.