கொப்பரையில் இருந்து மாளிகை வரை

ஸ்விஸ் ட்ரிப்புக்குச் சும்மா வீடு தேடினப்போ ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு: "லக்ஸுரி ஷாலே, 20 பேர் தங்கலாம், பார்ட்டி ஹால் உண்டு." ஒரு ராத்திரி வாடகை என் மாசச் சம்பளத்தைத் தாண்டுது! அந்த வார்த்தையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

ஷாலே என்பது முதலில் மாடு மேய்க்கிறவங்களோட குடிசை. கோடை வந்தா ஆல்ப்ஸ் மலை மேல மாடுகளை ஓட்டிட்டுப் போவாங்க. பாலைத் தினமும் கீழே இறக்க முடியாது, கெட்டுடும். அதனால அங்கேயே விறகு அடுப்பில் செப்புக் கொப்பரையை ஏற்றி சீஸ் ஆக்கிடுவாங்க. அடுப்பு, சீஸ் அடுக்கப் பலகை, படுக்க ஒரு மூலை. அவ்வளவுதான் ஷாலே.

மாளிகை வந்ததுக்கும் சீஸ்தான் காரணம். கெட்டிச் சீஸ் மாசக்கணக்கில் தாங்கும், பிரான்ஸ் வரைக்கும் அனுப்பி விக்கலாம். அப்படிப் பணம் பார்த்தவர் ரோசினியேர் கிராமத்து ஜான் டேவிட் ஆன்ஷோ. 1750-களில் அவர் கட்டின மர வீடுதான் கிராண்ட் ஷாலே. 113 ஜன்னல்! அடியில் சீஸுக்கு நிலவறை, மேலே குடும்பம். வீடும் குடோனும் ஒண்ணு. அப்புறம் அது ஹோட்டலாச்சு. ஓவியர் பால்தூஸ் டீ குடிக்கப் போன இடத்தில் மயங்கி, 1977-ல் வாங்கிட்டாராம். 2001-ல் சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

எனக்கு உறுத்தினது ஒண்ணுதான். கொப்பரையைக் கிண்டினவங்க மேலே அதே குடிசையில்தான் இருந்தாங்க; அதோட பேர் மட்டும் கீழே இறங்கி மாளிகைக்குக் குடிவந்துடுச்சு.

விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தேன். ஹாலில் ஒரு செப்புக் கொப்பரை. உள்ளே பூச்செடி.