எலும்பு உள்வைப்புகளைச் சுற்றி ஏற்படும் பாக்டீரியா தொற்று: மருந்துச் சிகிச்சை

செயற்கை மூட்டும், எலும்பு முறிவைச் சரிசெய்யப் பொருத்தப்படும் தகடு, திருகு, கம்பி ஆகியனவும் எலும்பு உள்வைப்புகள் எனப்படும். இவை பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று ஏற்படுவதில்லை. முதன்முறையாக இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கு இத்தொற்று ஏற்படக்கூடும். இது சிகிச்சை அளிக்கத்தக்க நோயே. எனினும் தாமதமும் சுயமருத்துவமும் சிகிச்சையைக் கடினமாக்கிவிடும்.

மருந்து மட்டும் ஏன் போதுவதில்லை?

இத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக அமைபவை தோலிலும் மூக்கிலும் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் ஆகும். உள்வைப்பின் மேற்பரப்பில் இரத்த ஓட்டம் இல்லை. அங்கு ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தை உருவாக்கிக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் உடலின் எதிர்ப்பு அணுக்களும் இப்படலத்தினுள் இருக்கும் பாக்டீரியாக்களை எளிதில் அழிக்க இயலாது. மருந்து உட்கொள்ளும்போது வலி குறைந்து, நிறுத்தியபின் மீண்டும் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆகவே பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையும் மருந்தும் இணைந்தே தேவைப்படுகின்றன.

அறிகுறிகள்

• காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல்
• மூட்டைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், வெப்பம், காய்ச்சல்
• குறைந்து வந்த வலி மீண்டும் அதிகரித்தல்
• தோலில் சிறு துளை தோன்றி, அதன் வழியே சீழ் கசிதல்

அறுவை சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் தொற்று ஏற்படலாம். அந்நிலையில் காய்ச்சல் இன்றி, நீங்காத வலி மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும்.

முதலில் மாதிரி, பின்னர் மருந்து

காயத்தில் கசிவு கண்டவுடன் மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி உட்கொள்ளுதல் கூடாது. முன்கூட்டியே மருந்து உட்கொண்டால், எந்தப் பாக்டீரியா தொற்றை உண்டாக்கியது என்பதைக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனை பொய்யான முடிவைத் தரக்கூடும். தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க அப்பரிசோதனையே அடிப்படை. எனவே உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு, மூட்டு நீரையோ திசு மாதிரிகளையோ எடுத்த பின்னரே மருத்துவர் மருந்தைத் தொடங்குவார். கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை இருப்பின் காத்திருத்தல் ஆகாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை முறைகள்

தொற்று தொடங்கிச் சில வாரங்களே ஆகி, உள்வைப்பு உறுதியாக இருப்பின், கெட்ட திசுக்களை அகற்றிக் கழுவி, உள்வைப்பை அப்படியே காக்க முயலலாம். நாட்பட்ட தொற்றாயின் செயற்கை மூட்டை அகற்றி, ஒரே அறுவை சிகிச்சையில் அல்லது இரண்டு கட்டங்களில் புதியதைப் பொருத்துவர். இரண்டு கட்டங்களுக்கு இடையே, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமெண்டால் ஆன தற்காலிகப் பொருத்தி வைக்கப்படலாம். எலும்பு முறிவுக்கான தகடாயின், எலும்பு கூடும்வரை மருந்தால் தொற்றைக் கட்டுப்படுத்தி, பின்னர் தகட்டை அகற்றுவதும் உண்டு.

எவ்வளவு காலம் மருந்து?

மருந்து பெரும்பாலும் சிரை வழியாக ஊசி மூலம் தொடங்கப்பட்டு, பின்னர் மாத்திரையாக மாற்றப்படும். மாத்திரை வலுக்குறைந்தது என அஞ்ச வேண்டியதில்லை. எலும்பு, மூட்டுத் தொற்று உடைய 1,054 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு வாரங்களில் தக்க மாத்திரைகள் அளிப்பது சிரைவழி மருந்துக்குக் குறைந்ததல்ல எனக் கண்டறியப்பட்டது.

செயற்கை மூட்டுத் தொற்று குறித்துப் பிரான்சில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், 6 வாரம் மருந்து பெற்றவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கும், 12 வாரம் பெற்றவர்களில் 9.4 விழுக்காட்டினருக்கும் தொற்று நீடித்தது. ஆதலால் வலி நீங்கியவுடன் மருந்தை நிறுத்தலாகாது. கால அளவை மருத்துவரே தீர்மானிப்பார்.

மருந்து உட்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை

• ரிஃபாம்பிசின்: காசநோய்க்கும் பயன்படும் இம்மருந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றில் படலத்தினுள் உள்ள பாக்டீரியாக்கள் மீதும் செயல்படும். தனியாக அளித்தால் பாக்டீரியாக்கள் விரைவில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். எனவே வேறொரு மருந்துடன் சேர்த்தே வழங்கப்படும். இரண்டில் ஒன்றை மட்டும் நிறுத்தாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பே. கண்கள் மஞ்சளானால் உடனே மருத்துவரை அணுகவும். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, சில நீரிழிவு மாத்திரைகள் ஆகியவற்றின் பலனை இது குறைக்கும்.
• சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின்: பால், இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரை, அமிலநீக்கி ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது. குதிகால் தசைநாணில் வலி தோன்றினால் தெரிவிக்கவும்.
• வான்கோமைசின், லினிசோலிட்: முன்னது சிறுநீரகத்தையும், பின்னது இரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடும். இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

மருந்து கொடுத்த நேரத்தை நாள்தோறும் குறித்து வையுங்கள். மாத்திரைகள் தீருமுன்பே அடுத்தவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். வாந்தி, தோல் தடிப்பு, கடும் வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்பட்டால் மருத்துவரிடம் உடனே கூறுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதும், புகைபிடிப்பவர் அதனைக் கைவிட உதவுவதும் காயம் ஆறத் துணைபுரியும். வேறு எந்த மருத்துவரை அணுகினாலும், உடலில் உள்வைப்பு இருப்பதைத் தெரிவித்து, அறுவை சிகிச்சைக் குறிப்பையும் கல்ச்சர் அறிக்கையையும் காட்டுங்கள்.