கோட்டா ராமசாமி

கோட்டா ராமசாமி (பிறப்பு: ஜூன் 16, 1896, சென்னை) இந்தியத் துடுப்பாட்ட அணியில் விளையாடிய இடதுகைத் துடுப்பாட்டக்காரர் ஆவார். டென்னிசிலும் இந்தியாவுக்காக ஆடியவர். ஊதியத்துக்காக விளையாடும் வழக்கம் இந்தியாவில் பரவாத தொடக்க காலத்தில் சென்னை மாகாணத்தின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கினார்.

பின்னணி

இவருடைய தந்தை புச்சி பாபு நாயுடு. "தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை" எனப்படும் அவர், ஐரோப்பியர் கழகத்தில் இந்தியருக்கு இடமில்லாத நிலையில், 1888 ஆம் ஆண்டில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். பின்னாளில் பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த மாகாணப் போட்டிக்கு அவருடைய முயற்சியே அடிப்படை. ராமசாமி இப்போட்டிகளில் இந்தியர் அணிக்காக ஆடினார்.

டென்னிஸ்

கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில், 1922 ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். நாடு திரும்பிய பின் வேளாண்மைத் துறையில் பணியாற்றிக்கொண்டே விளையாடி வந்தார்.

டெஸ்ட் போட்டிகள்

1936 ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்திற்குத் தேர்வானபோது இவருக்கு வயது ஏறத்தாழ நாற்பது. அதே அணியில் சென்னையின் எம். ஜே. கோபாலனும் இருந்தார். பெர்லின் ஒலிம்பிக் வளைகோல் பந்தாட்ட வாய்ப்பைக் கைவிட்டு வந்த கோபாலனுக்கு அப்பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட ஆட இடம் கிடைக்கவில்லை.

ராமசாமிக்கு ஜூலை மாதம் மான்செஸ்டரில் வாய்ப்புக் கிடைத்தது. முதல் ஆட்டப்பகுதியில் இந்தியா 368 ஓட்டங்கள் பின்தங்கியது. இரண்டாவது ஆட்டப்பகுதியில் விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி இருவரும் முதல் இணையாக 203 ஓட்டங்கள் சேர்த்தனர். அதைத் தொடர்ந்து ராமசாமி 60 ஓட்டங்கள் எடுத்தார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்து ஓவல் டெஸ்டில் இந்தியா தோற்றபோதும், இவர் இரண்டாவது ஆட்டப்பகுதியில் ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்கள் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால் இந்தியா தனது அடுத்த டெஸ்டை 1946 இல்தான் ஆடியது. எனவே ராமசாமியின் டெஸ்ட் வாழ்க்கை இரண்டு போட்டிகளோடு நின்றது.

டெஸ்ட் ஓட்டங்கள்

மான்செஸ்டர், 1936: 40, 60
ஓவல், 1936: 29, 41 (ஆட்டமிழக்காமல்)
மொத்தம்: 170, சராசரி: 56.66

பிற்காலம்

பின்னர் தேர்வாளராகப் பணியாற்றினார். 1952-53 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் இந்திய அணியின் மேலாளராக இருந்தார். தன் வரலாற்றையும் நூலாக எழுதியுள்ளார். 1985 ஆம் ஆண்டில், 89 ஆம் வயதில், சென்னையிலுள்ள வீட்டிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவில்லை. பின்னர் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டார்.