பறப்பதற்கு முன் படுக்க வேண்டும்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். உள்ளே நடக்கும் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஆளை உள்ளே கூட்டிவரும் முதல் திரைதான் உயிரை வாங்கும். பறக்கும் ரோலர் கோஸ்டரின் வரலாறும் கிட்டத்தட்ட அதுதான்.

தரையைப் பார்த்துக் குப்புறப் படுத்தபடி, தண்டவாளத்துக்குக் கீழே பறக்க வேண்டும். இரும்பை வளைப்பது பெரிய பாடில்லை. தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி தலைகீழாகச் சுழலும் கோஸ்டர் 1992லேயே வந்துவிட்டது. ஆனால் வரிசையில் நிற்கிற மனிதரை எப்படிப் படுக்க வைப்பது?

1997ல் மான்செஸ்டரின் கிரனாடா ஸ்டுடியோஸில் வந்த ஸ்கைட்ராக்கில் வண்டிக்கு ஒரே ஆள். ஏணியில் ஏறுவதுபோல் ஏறிப் படுக்க வேண்டும். வரிசை எப்படி நகரும்? அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள்.

2000ல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் டச்சு நிறுவனமான வெகோமா கட்டிய ஸ்டெல்த் வேறு வழி பிடித்தது. சாதாரணமாக உட்காரலாம், இருக்கை சாய்ந்துகொள்ளும். மல்லாந்து வானம் பார்த்தபடியே மேலே ஏற வேண்டும். உச்சி தாண்டியதும் தண்டவாளமே முறுக்கி ஆளைக் குப்புறப் போடும். கெட்டிக்காரத்தனம்தான்.

2002ல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் ஏர் திறந்தது. கட்டியது சுவிஸ் நிறுவனமான பொலிகர் & மபிலார்ட். கால் தொங்க உட்கார்ந்தால் கவசம் மார்பை அணைக்கும், மடல்கள் கணுக்காலைப் பிடிக்கும். பிறகு இருக்கை வரிசை மொத்தமும் பின்பக்கமாக உயர்ந்து, எல்லாரையும் ஒரே நேரத்தில் குப்புறச் சாய்த்துவிடும். நிலையத்திலேயே, ரயில் நகர்வதற்கு முன்னால். உடம்பின் எடை மார்புக் கவசத்தில் இறங்குகிற அந்தச் சில நொடிகளில்தான் நம்பிக்கைக்கே சோதனை. நேரம் வீணாகாமல் இருக்க இரண்டு நடைமேடைகள் வைத்தார்கள்: ஒன்றில் ஆள் ஏறும்போது மற்றதிலிருந்து ரயில் கிளம்பும். நீளம் 840 மீட்டர், வேகம் சுமார் 75 கிலோமீட்டர். பெரிய சாதனை எண்கள் இல்லை. ஆனால் படுக்க வைக்கும் பிரச்சினை தீர்ந்தது. பிறகு வந்த பறக்கும் கோஸ்டர்கள் பலவும் இதே இருக்கையைத்தான் எடுத்துக்கொண்டன.

2016ல் ஏருக்கு கேலக்டிகா என்று பெயர் மாற்றி, மெய்நிகர்க் கண்ணாடி மாட்டினார்கள். தரையை உரசிப் பறக்கும் நிஜத்தை மறைத்து விண்வெளிப் படம் காட்டினார்கள். அதோடு, ஒவ்வொருவருக்கும் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, சரிபார்க்க வேண்டும். இரண்டு நடைமேடை வைத்து மிச்சம் பிடித்த நேரம் அங்கே கரைந்தது. சில ஆண்டுகளில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள்.

பழைய பதிப்பில் தீர்த்துவைத்த பிழை, புதிய வசதியோடு கைகோத்துத் திரும்பி வருவதை எங்கள் தொழிலில் ரிக்ரெஷன் என்போம். அதற்கு மருந்தும் இதுதான்: கடைசியாகச் சேர்த்ததைக் கழற்று.