நேற்றுப் பார்த்த அதே வியாழன்

2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. கான்பெராவில் நல்ல குளிர். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. எட்டு அங்குலத் தொலைநோக்கியைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “இந்தக் குளிர்ல வெளிய போய் என்ன பார்க்கப் போறீங்க? நேத்துப் பார்த்த அதே வியாழன்தானே?” என்றாள் மனைவி. தொலைக்காட்சியில் லார்ட்ஸ் டெஸ்ட், நான்காம் நாள். 522 ரன் இலக்கைத் துரத்தும் ஆஸ்திரேலியாவுக்காகக் கிளார்க்கும் ஹாடினும் நின்று ஆடினார்கள். போர்வையை இழுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அதே இரவில், எங்கள் ஊரிலிருந்து காரில் அரைமணி தூரத்தில் உள்ள மர்ரம்பேட்மன் என்ற சிற்றூரில், ஆன்டனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் வியாழனைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். 14.5 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி அவருடையது. மேலடுக்குக் காற்று படத்தைக் கலக்கியது. ‘போதும்’ என்று மென்பொருளை மூடும் பொத்தான்வரை சுட்டியைக் கொண்டுபோனவர், மனம் மாறி இன்னும் அரைமணி பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்.

தென்துருவத்தை ஒட்டி ஒரு கருமையான புள்ளி திரும்பி வந்துகொண்டிருந்தது. வழக்கமான புயல்தான் என்று முதலில் நினைத்தார். ஆனால் எல்லா நிறப் படங்களிலும் அது கறுப்பாகவே இருந்தது. நிலவின் நிழலோ? நிழல் என்றால் வேகமாகக் கடந்து போகும். இதுவோ கோளோடு சேர்ந்தே சுழன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, சில நாள் முன்பு அவரே எடுத்த படங்களில் அந்த இடத்தில் எதுவும் இல்லை.

உடனே மின்னஞ்சல்கள் பறந்தன. அடுத்த நாளே ஹவாயில் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதிசெய்தது. ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருக்கிறது. 23ஆம் தேதி ஹப்பிள் படமெடுத்தபோது, அந்தத் தழும்பு பசிபிக் பெருங்கடல் அளவுக்கு இருந்தது. மோதியது சில நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு சிறுகோளாக இருக்கலாம் என்று பின்னர் கணித்தார்கள்.

சரியாகப் பதினைந்து வருடங்களுக்கு முன், 1994 ஜூலையில், ஷூமேக்கர்–லெவி 9 வால்நட்சத்திரத்தின் துண்டுகள் வியாழனில் விழுந்தன. அது ஒரு வருடம் முன்பே கணித்த மோதல் என்பதால் உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் காத்திருந்தன. 2009இல் வந்தது சொல்லாமல் வந்த விருந்தாளி. பெரிய தொலைநோக்கிகளின் இரவுகள் பல மாதங்கள் முன்பே பங்கிடப்பட்டுவிடும். ஒரே கோளைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு ஏது நேரம்? அந்த வேலை கொல்லைப்புறத்துக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

இது புதிய கதையும் அல்ல. 1781 மார்ச் 13 அன்று, பாத் நகரில் இசைக்கலைஞராகப் பிழைத்துக்கொண்டிருந்த வில்லியம் ஹெர்ஷல், வீட்டுக் கொல்லையிலிருந்துதான் யுரேனஸைக் கண்டார். வால்நட்சத்திரம் என்றே முதலில் எண்ணினார். 1933 ஆகஸ்ட் 3 அன்று சனியில் தோன்றிய பெரிய வெள்ளைப் புள்ளியை, லண்டன் நார்பரியில் தன் வீட்டில் இருந்தபடி ஆறு அங்குலத் தொலைநோக்கியில் கண்டவர் வில் ஹே. ஊருக்கு அவர் சினிமா நகைச்சுவை நடிகர்.

செய்தி தெரிந்ததும் புதன் இரவு நானும் தொலைநோக்கியை வெளியே எடுத்தேன். விரல்கள் மரத்துப்போகும்வரை பார்த்தேன். தெற்கே ஏதோ ஒரு கறை இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. “தெரியுதா?” என்று கதவருகே நின்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடம் போன வாரம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்தால்தானே?

வெஸ்லியிடம் என்னுடையதைவிடப் பெரிய ஆடி இருந்தது, சரிதான். ஆனால் என்னிடம் இல்லாமல்போனது அதுவல்ல, நேற்றைய வியாழன்.

மறுநாள் ஒரு கோடுபோடாத நோட்டு வாங்கினேன். தெளிவான இரவுகளில் ஒரு வட்டம், இரண்டு பட்டைகள், தேதி, மணி. பெரும்பாலான பக்கங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. “அதே வியாழனா?” என்று இப்போதும் கேட்கிறாள். பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.