அதியமான் பெருவழியும் ஓசூர்ச் சாலையும்

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் சென்று மாலூரை நோக்கிச் செல்லும் சாலை நெடுங்காலம் மாநில நெடுஞ்சாலை 17 என வழங்கியது. அதியமான்கோட்டைக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட பகுதி பின்னர் தேசிய நெடுஞ்சாலை 844 ஆயிற்று. பாராமகால் சமவெளியினின்று மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் வழி இது.

இச்சாலையைச் சங்ககால அதியமானோடு இணைத்துப் பேசும் வழக்கு உண்டு. அதற்குக் காரணம் தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த இரண்டு காதக் கற்களாகும். 'அதியமான் பெருவழி' என்று பெயர் கூறி, நாவற்றாவளத்திற்கு 29 காதம் என்று ஒரு கல்லும், 27 காதம் என்று மற்றொரு கல்லும் தொலைவைக் குறிக்கின்றன. எழுத்தமைதி கி.பி. 13ஆம் நூற்றாண்டினது. ஆகவே பெயருக்கு உரியவன் நெடுமான் அஞ்சி அல்லன். தகடூரை ஆண்ட பிற்கால அதியமான்களுள் ஒருவன் என்று கொள்வதே பொருந்தும்.

29 காதம் எனப் பொறித்த கல்லில் எழுத்தின் கீழ் இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் உள்ளன. பெருங்குழி பத்தையும் சிறுகுழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத பொதிமாட்டு வணிகரும் இருளில் விரலால் தடவித் தொலைவை அறிந்திருக்கலாம். தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். பெருவழியின் முடிவு அரண்மனையாகவோ கோயிலாகவோ அன்றித் தாவளமாகக் கூறப்படுவது, அவ்வழியால் பயன்பெற்றோர் யாவர் என்பதைக் காட்டுகின்றது. 'சாலை' என்னும் சொல்லோ அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் கல்விக்கூடத்தையும் உணவளிக்கும் அறக்கூடத்தையுமே குறித்தது.

எனினும் இரு கற்களைக் கொண்டு இன்றைய சாலை முழுவதையும் பழைய பெருவழி என்று துணிதல் இயலாது. காதத்தின் அளவு இடந்தோறும் வேறுபட்டமையால் கணக்கிட்டு முடிவு செய்தலும் அரிது.

பிற்காலச் செய்திகள் தெளிவானவை. 1791இல் இராயக்கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை இக்கோட்டை வழியாகவே சீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்றது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அமைந்த குறுகிய இருப்புப்பாதை 1913இல் ஓசூர்வரை நீண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1941இல் மூடப்பட்டது. அதன்பின் மீண்டும் இருப்புப்பாதை அமையும்வரை, பாலக்கோட்டு உழவர்க்கு இச்சாலையே சந்தைக்குச் செல்லும் வழியாயிற்று.

காதக் கல் இடம்பெயர்ந்தால் அதன் எண் எஞ்சும். வழியின் போக்கு மறையும். ஆதலின் சாலையை அகலப்படுத்துமுன் ஓரத்துக் கற்களை இருந்த இடத்திலேயே அளந்து பதிவு செய்தல் வேண்டும்.