சபர் வந்தவர்கள்

நம் முன்னோர் சுங்கை புரோங் வட்டாரத்துக்கு ஏன் வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், "பால்மரம் சீவ" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான். பால்மரம் சீவ வந்தவர்களின் சம்பளத்தை நம்பிக் கடை வைக்க வந்தவர்களே நம்மில் அதிகம்.

தோட்டத் தொழிலாளியின் கப்பல் கட்டணத்தை 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கொடுத்தது. அந்தப் பணம் தோட்ட முதலாளிகளிடம் வசூலானது. கங்காணி ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார். மழை பொய்த்தது, கடன், சொந்த நிலமில்லாமை ஆகியவை அங்கிருந்து தள்ளின. ரப்பர் விலை இங்கே இழுத்தது. கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் உருவானது. அதன் பெயர் தென்னமரம்! செம்பனைக்குத் தமிழில் கிடைத்த பேறு அது.

நம்மவரோ பெரும்பாலும் சொந்தக் காசில் வந்தார்கள். காசு என்றால் கைமாற்று வாங்கியதுதான். நாகூர், இராமநாதபுரக் கரையோரம், நெசவு நொடித்த கடையநல்லூர் எனப் பல ஊர்கள். முன்னே வந்த மாமனோ மச்சானோ எழுதிய கடிதமே அவர்களுக்குக் கங்காணி. 1938 ஜூன் 15 முதல் உதவிக் கட்டணத்தில் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியபோதும் வணிகர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வந்தவர்கள் ஆண்கள். இரண்டு மூன்று வருடச் சபர், பிறகு ஊர், மறுபடி சபர். மனைவி மக்கள் ஊரில். ஜப்பானியர் ஆட்சியில் (1942–45) கடிதமும் பணமும் நின்றன. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் காத்திருந்த பெண்களின் கதையை எந்த வரலாற்று நூலும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம்.

போருக்குப் பின் சட்டங்கள் வந்தன. 1953 ஆகஸ்டு முதல் புதிதாக வருவோருக்குக் கட்டுப்பாடு. 1957இல் சுதந்திரம், குடியுரிமை. 1959இல் மனைவி, பிள்ளைகளை அழைப்பதிலும் பிடி இறுகியது. இனிமேல் இரண்டு கரையிலும் கால் வைக்க முடியாது. சிலர் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். சிலர் கடையை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்ததும் இன்னும் பலர் திரும்பினார்கள். நாம் இங்கே பிறந்தது அந்த வருடங்களில் ஒரு வீட்டில் எடுத்த முடிவினால்தான்.

நம்மைச் சுற்றியுள்ள நெல்வயல்களும் கடல் கடந்து வந்த ஜாவா, பஞ்சார் மக்களின் உழைப்பில் விளைந்தவையே. 2020இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தோர் உலகில் சுமார் 28 கோடி என ஐ.நா. மதிப்பிட்டது. நம் பிள்ளைகளும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நம் உணவகங்களில் ரொட்டி வீசும் தம்பிகள் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகிறார்கள். மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம், இரவில் கைப்பேசியில் மனைவியின் முகம். கடிதத்துக்குக் காத்திருக்கும் கஷ்டம் இல்லை. ஆனால், தொழிலாளர் பெர்மிட்டில் வந்தவர் மனைவி மக்களை இங்கே அழைத்துவர இன்றும் சட்டம் இடம் கொடுப்பதில்லை.